ரெண்டு விரல் உயரம்

ஷெட்டின் தகரக் கதவில் வாசு சாக்பீஸால் எழுதியிருந்தது:

சரத், ஷோரூம் ஆள் – ஸ்டீயரிங்.
பாஸ்கரன் சார் – முன் சீட்டு.
மச்சான் மனோகர் – பின்னால், கேபினை ஒட்டி.
வெங்கடம்மா – பின்னால், நடுவில். (மடியில் அரிசி மூட்டை ஒன்று. அது ஆள் இல்லை.)
கேரம் கோஷ்டி, நாலு பேர் – பின்னால், கிடைத்த இடத்தில்.
ஆக மொத்தம் எட்டு.
வாசு – வெளியே, மணி.

ஏறிய எட்டுப் பேரும் சேதமில்லாமல் இறங்கிவிட்டார்கள். வாசு ஒவ்வொரு பெயருக்கும் நேராக டிக் போட்டான். கணக்கு சரியாக இருந்தது. ஷெட்டின் கூரைதான் சுவரை விட்டு ரெண்டு விரல் மேலே நின்றது.

சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு கோடாக வெயில் உள்ளே வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து அந்த ஷெட்டுக்குள் வெயில் வந்ததே இல்லை. மூலையில் கிடந்த மண்ணெண்ணெய் அடுப்பும் சைக்கிள் டயரும் தூக்கம் கலைந்தவை போலக் கிடந்தன. வெளியே சுரங்கத்துக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று வீசியது. அது கொண்டுவந்த சாம்பல் நிற மாவு அந்த வெளிச்சக் கோட்டில் மிதந்தது, கீழே இறங்க மனசில்லாமல்.

வாசுவுக்கு அது அழகாக இருந்தது. அவனுடைய பிரச்சினையே அதுதான். எது நடந்தாலும் முதலில் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பான். நடந்தது தன்னால் என்பது அப்புறம்தான் உறைக்கும்.

"மாமா," என்றான் மனோகர். "கூரை மேல போய்டுச்சு."

"பாத்தேன்."

"இல்ல, சொன்னேன்."

வாசு தங்கச் சுரங்கத்தில் பதினோரு வருஷம் பேங்க்ஸ்மேனாக இருந்தவன். ஷாஃப்ட் வாயில் நின்று, கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறுகிறவர்களை எண்ணி, எழுதி, மணி அடித்து உள்ளே அனுப்புகிற வேலை. ஆயிரக்கணக்கான பேரை இறக்கினான். அவன் இறங்கியதில்லை. சுரங்கம் மூடியபின் பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் கேட் திறந்து மூடுகிற வேலை கிடைத்தது. விடியும் முன் மாரிகுப்பத்தில் ரயில் ஏறினால் இருட்டியபின் வந்து இறங்குவான். போகும்போது பாதித் தூக்கம், வரும்போது மீதித் தூக்கம். இரண்டுக்கும் நடுவில் போனில் பிக்கப் வண்டிகளைப் பார்ப்பான்.

மூன்று வருஷமாகப் பார்த்தான். ஒரே கம்பெனி, ஒரே மாடல், இரண்டு ரகம். ஒன்று சாதா. இன்னொன்று காடு மேட்டுக்கென்று கம்பெனியே சஸ்பென்ஷனைத் தூக்கிக் கட்டி அனுப்புவது. சாதா வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து நூற்றெண்பது மில்லிமீட்டர். உயர ரகம் இருநூற்று முப்பது. நடுவே இருக்கும் ஐம்பது மில்லிமீட்டரில்தான் வாசு குடியிருந்தான். பெங்களூர் டின் ஃபேக்டரி பக்கம் ரயில் நின்று நின்று போகும்போது கண்ணை மூடினால், அந்த வண்டி தரையைத் தொடாமல் தக்காளிக் கூடைகளோடு பூதிகோட்டை வயல்களுக்கு மேலே சத்தமில்லாமல் போகும். ஸ்டீயரிங்கில் அவன்தான் இருப்பான். சீருடை இருக்காது.

கனவு முழுக்கக் கனவும் இல்லை. பூதிகோட்டையில் சிவகுமார் என்ற தோட்டக்காரர் இருந்தார். அவருடைய தக்காளித் தோட்டத்துக்குப் போகிற பாதையில் டிராக்டர் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் முதுகு. மனோகரிடம் இருந்தது சாதா வண்டி. அந்த முதுகில் அது வயிறு உரசி, ஆயில் சிந்தி, இரண்டு முறை நின்றுபோனது. சிவகுமார் வாசுவிடம் சொல்லிவிட்டார்: "வயிறு ஒரசாத வண்டி எடுத்துனு வாங்க. லோடு உங்களுக்குத்தான்."

அப்படி ஒரு வண்டி வந்தால் கேட் வேலையை விடலாம். வராவிட்டால் அறுபது வயசு வரைக்கும் ரயில்.

நடுவில் அவன் மனைவி ராதிகா இருந்தாள். வண்டி அவள் பேரில் வாங்குவதாக ஏற்பாடு. அவள் போட்டது ஒரே ஒரு நிபந்தனை.

"மனோகர் வண்டில ரெண்டு தபா பேட்டரி கழட்டினு போய்ட்டானுங்க. எந்த வண்டி வேணா எடுங்க. ஆனா ஷெட்டுக்குள்ள நிக்கணும், வெளிய கதவு பூட்டணும்."

ஷெட் மனோகரின் வண்டிக்குச் சரியாகப் போதும். உயர ரகத்துக்குப் போதாது. இதை அளக்காமலே வாசுவுக்குத் தெரியும். ராதிகாவுக்கும் தெரியும் என்று அவன் நினைத்தான். சாதா வண்டிக்குச் சம்மதம் வாங்க அவள் கண்டுபிடித்த வழி இது, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பங்காருபேட்டைக்கு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தாள். மாலை ரயிலில் அவள் வந்தபின் ஷோரூமிலிருந்து உயர ரக வண்டி வருவதாகப் பேச்சு. இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து முடிவு. ஆனால் சரத் காலை பதினோரு மணிக்கே வண்டியோடு வந்து நின்றான்.

"சாரி அங்கிள், சாயங்காலம் ஆகல்ல. ஆறு மணிக்கு முள்பாகல்ல ஒரு பார்ட்டிக்கு காட்டணும். ஈகலே நோடி, இப்பவே பாத்துடுங்க."

வண்டி வெயிலில் நின்றது. நின்ற இடத்தில் கொஞ்சம் மேலே நின்றது. வாசு குனிந்து அடியில் பார்த்தான். அந்தப் பக்கத்துத் தெரு முழுவதும் தெரிந்தது. ஒரு கோழி நிமிர்ந்த தலையோடு அடியில் நடந்துபோனது.

அளப்பதற்குப் பாஸ்கரனைக் கூப்பிட்டான். ஹெவி இன்ஜினியரிங் ஃபேக்டரியில் முப்பது வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயரானவர் அவர். கல்யாணத்துக்குப் போனால் பந்தல் காலுக்குத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்பார். இரும்பு ஸ்கேலோடு வந்து இரண்டு வண்டிகளையும் சுற்றினார். மனோகரின் வண்டிக்கு அடியில் அவருடைய கை மட்டும் போனது. சரத்தின் வண்டிக்கு அடியில் அவரே பாதி போனார்.

"வெளில கராஜ்ல கட்டை வெச்சு தூக்கறது வேற, ஃபேக்டரி தூக்கறது வேற," என்று அடியிலிருந்து குரல் வந்தது. "இதுல ஸ்பிரிங் பட்டை வேற, ஷாக் அப்சார்பர் வேற. நியாயமான வேலை. ஆனா வாசு, உங்க ஷெட்டு வாசலுக்கு ரெண்டு விரல் இடிக்கும்."

"ரெண்டு விரல்தானே சார்."

"ரெண்டு விரல்னா ரெண்டு விரல். போன வாரம் உங்க வீட்லகூட கேட்டாங்க, இந்த ரகம் மொத்தம் எவ்ளோ ஒசரம்னு. மில்லிமீட்டர் கணக்குல எழுதிக் குடுத்தேன்."

வாசுவுக்குப் புரிந்துவிட்டது. ஆகாது என்று சொல்வதற்கு மில்லிமீட்டர் வரைக்கும் ஆதாரம் சேர்த்திருக்கிறாள்.

"அவ ட்ரெயினு அஞ்சேகாலுக்கு," என்றான். "அவ வரும்போது இது உள்ள நிக்கணும் சார். நின்னுதுன்னா பேச்சே இல்ல."

பாஸ்கரன் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். யோசனை நியாயமானது அல்ல என்பது அவருக்குத் தெரிந்தது. ஆனால் கணக்கு அவருக்குப் பிடித்திருந்தது.

"காலி வண்டியை ஏன் அளக்கணும்? லோடு ஏறினா பட்டை எறங்கும். பின்னாடி அஞ்சு விரல், முன்னாடி ரெண்டு. நமக்கு வேண்டியது அந்த ரெண்டு."

இப்படித்தான் எட்டுப் பேர் சேர்ந்தார்கள். மூலைவீட்டு வெங்கடம்மா ரேஷன் அரிசியோடு போய்க்கொண்டிருந்தாள்.

"இன்னாடா வாசு, என்னை ஏன் கூப்பிடறே?"

"சும்மா ஏறி ஒக்காருக்கா. ஒரு நிமிசம்."

"நான் கனம்னு கூப்பிடறியா?"

"பெரியவங்கன்னு கூப்பிடறேன்."

"அரிசியையும் சேத்து ஏத்தறியே, அது என்னைவிட பெரியவங்களா?"

திட்டிக்கொண்டே ஏறினாள். பட்டை முனகியது. வேப்பமரத்தடியில் கேரம் ஆடிக்கொண்டிருந்த நாலு பேர் காய்களை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். வாசு கதவில் பெயர்களை எழுதினான். எழுதாமல் எதையும் நகர்த்த அவனுக்கு வராது. ஷெட் மூலையில் தொங்கிய தண்டவாளத் துண்டில் ஸ்பேனரால் இரண்டு அடி அடித்தான். சுரங்கத்தில் அதற்கு இறக்கு என்று அர்த்தம். பல வருஷத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் தெருவில் போனது. எதிர்வீட்டில் யாரோ ஒரு கிழவர் தூக்கத்தில் எழுந்து செருப்பைத் தேடினார்.

வண்டி மெதுவாக உள்ளே போனது. கேபினின் தலைக்கும் வாசல் இரும்புக்கும் நடுவில் ஒரு போஸ்ட் கார்டு நுழையும் இடம். பாஸ்கரன் கண்ணாடி வழியே தலையை நீட்டி அதையே பார்த்துக்கொண்டு போனார். கடைசி வரைக்கும் உரசவில்லை. உள்ளே போய் நின்றதும் எட்டுப் பேரும் கை தட்டினார்கள்.

வாசு செய்தது அப்புறம்தான்.

கேஜ் போய் நின்றதும் ஆட்கள் ஒரே மூச்சில் இறங்க வேண்டும். அதுதான் சுரங்கத்து வழக்கம். தயங்குகிறவனுக்கு முதுகில் ஒரு தள்ளு விழும். வாசு பழக்கத்தில் தண்டவாளத் துண்டில் ஓங்கி ஒரு அடி அடித்து, "எல்லாரும் எறங்கு," என்றான். கேரம் கோஷ்டி நாலு பேரும் சுரங்கத்து வீட்டுப் பிள்ளைகள். அந்தக் குரலுக்கு அப்பன்மார் குதித்த மாதிரியே குதித்தார்கள். மனோகர் குதித்தான். வெங்கடம்மாவே குதித்தாள்.

கேஜிலிருந்து ஆட்கள் மொத்தமாக இறங்கினால், கனம் போன கேஜ் ஒரு முழம் மேலே துள்ளும். ஆழத்தில் நிற்கிற கயிறு அப்படி. கீழே வேலை பார்த்த ஒவ்வொருவனுக்கும் அது தெரியும். கயிறு குட்டையாக இருக்கும் மேல்வாயில் அது துள்ளாது. வாசு நின்றது எப்போதும் மேல்வாயில்.

வண்டி ஒரு பெருமூச்சு விட்டது. மேலே எழுந்தது. குறுக்கே போன குழாயைத் தலையில் வாங்கிக்கொண்டு கூரையைத் தூக்கியது. மேலே காற்றுக்கு வைத்திருந்த செங்கல் ஒன்று சரிந்து கோழி நின்றிருந்த இடத்தில் விழுந்தது. கோழி முன்பே போயிருந்தது.

அந்தக் கூரையில் சுவரோடு கட்டின எட்டு போல்ட்டுகள் உண்டு. அதைத் தூக்குவது சுலபமில்லை. முந்தின நாள்தான் வெல்டர் ஆர்தர் மேலே ஏறி ஓட்டை அடைத்துவிட்டுப் போனதாக ராதிகா சொல்லியிருந்தாள். வாசு மேலே பார்த்தான், வண்டியைப் பார்த்தான்.

"போல்ட்டோட பிச்சுகினு தூக்கிடுச்சு பாத்தியா," என்றான் மனோகரிடம். குரலில் வருத்தம் போதுமான அளவு இல்லை.

சரத்தின் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் தொழில் விடவில்லை. "ஃபேக்டரி சஸ்பென்ஷன் அங்கிள். அது அப்படித்தான்." உடனே ஞாபகம் வந்தது. "ரூஃப்ல ஸ்கிராட்ச் ஆனா என் வேலை போச்சு. அஞ்சரைக்குள்ள எடுத்துக் குடுங்க."

"மறுபடியும் எல்லாரும் ஏறுங்க," என்றார் பாஸ்கரன். "வண்டி எறங்கும், கூரை சுவர்ல ஒக்காரும், அப்படியே வெளிய எடுத்துடலாம்."

ஏறினார்கள். வாசு பெயர்களை மறுபடி சரிபார்த்து மணி அடித்தான். வண்டி இறங்கியது. கூரையும் கூடவே இறங்கியது. ஆனால் முதலில் எழும்பும்போதே அது நாலு விரல் பக்கவாட்டில் நகர்ந்திருந்தது. பழைய இடத்தில் உட்காரவில்லை. சுவருக்கு உள்பக்கமாகச் சரிந்து, முழுக் கனத்தோடு வண்டியின் தலையில் படுத்துக்கொண்டது. முன்பு வண்டி கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இப்போது அந்த ஷெட்டுக்குத் தூணே அதுதான்.

"நான் எறங்கட்டா?" என்றாள் வெங்கடம்மா.

"அசையாதீங்க," என்றார் பாஸ்கரன்.

"அடுப்புல சாறு இருக்குதுடா வாசு."

அடுத்ததாகச் சக்கரங்களில் காற்றை இறக்கச் சொன்னது மனோகர். நாலு சக்கரத்திலும் காற்று சீறிக்கொண்டு போனது. அந்தச் சத்தம் கேட்க நன்றாக இருந்தது, மழை வருவது போல. வண்டி தாழ்ந்தது. கூரை தன் தலையணையை விடாமல் அதனோடு தாழ்ந்தது. வண்டிக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு தலைமயிர்கூட நுழையவில்லை. கூடுதலாக இப்போது வண்டி நகரவும் முடியாது.

சரத் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். வெங்கடம்மா அவனைப் பார்த்து, "சாப்டியாப்பா?" என்றாள். அவன் இல்லை என்று தலையாட்டினான். "எறங்கினா குடுப்பேன். விட மாட்டேன்றாங்க."

மணி நாலு ஆனது. பாஸ்கரன் ஸ்கேலை நெற்றியில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு அவர் பார்வை மனோகரின் வண்டி மேல் போனது. மனோகர் அதைப் பார்த்துவிட்டான்.

"சார், வேணாம் சார். விடிகாலை நாலு மணிக்கு எனக்கு லோடு."

"அஞ்சு நிமிஷ வேலை. உன் வண்டியைப் பின்னாலேயே கொஞ்சம் உள்ள விடு. எல்லாரும் அதுல ஏறுங்க, பட்டை எறங்கட்டும். தொட்டிக்கும் கூரைக்கும் நடுவுல நாலு சவுக்குக் கம்பு முட்டு குடுப்போம். அப்புறம் எல்லாரும் எறங்கினா, உன் வண்டி எழும்பி கூரையைத் தூக்கும். சரத் வண்டிக்கு விடுதலை." அவர் குரலில் முப்பது வருஷ சர்வீஸ் ஒலித்தது. "இதான்யா உண்மையான ஒப்பீடு. சாதா பட்டை எவ்ளோ தூக்கும், உயரப் பட்டை எவ்ளோ தூக்கும், இப்ப தெரிஞ்சுடும்."

அதில் தவறு இருப்பதாக யாருக்கும் படவில்லை. வாசு கதவில் சரத்தின் பெயரை அடித்து, ஸ்டீயரிங் என்ற இடத்தில் மனோகர் என்று எழுதினான். சரத் பின்னால் ஏறினான். கம்புகள் நின்றன. ஒரு அடி மணி. எட்டுப் பேரும் குதித்தார்கள்.

மனோகரின் வண்டி எழும்பியது. கூரை ஒரு விரல் எழும்பியது. கனம் குறைந்த சந்தோஷத்தில் சரத்தின் வண்டியும் ஒரு விரல் எழும்பி, மறுபடி கூரையைத் தலையில் தாங்கிக்கொண்டது.

இரண்டு வண்டிகளும் சேர்ந்து ஒரு தகரக் கூரையைச் சுமந்து நின்றன. மேற்கே இறங்கிய வெயில் அந்த இடைவெளி வழியாக நேரே வந்து இரண்டின் மேலும் ஒரே மாதிரி விழுந்தது. எது உயரம், எது சாதா என்று சொல்ல முடியவில்லை. கூரை காற்றில் நிற்பது போலவும், வண்டிகள் அதில் தொங்குவது போலவும் இருந்தது. ரயிலில் கண்ணை மூடினால் வருவதும் ஏறக்குறைய இதுதான் என்று வாசுவுக்குத் தோன்றியது. ஒரு நிமிஷம் அவன் வாய் திறந்தபடி நின்றான்.

மாரிகுப்பம் பக்கம் ரயில் கூவியது.

கேரம் கோஷ்டி வேப்பமரத்தடிக்குப் போய்க் காய்களைத் தீவிரமாகப் பார்க்கத் தொடங்கியது. வெங்கடம்மா சரத்துக்குச் சோறு கொண்டுவரப் போனாள். பாஸ்கரன் போகவில்லை. இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட் கொடுக்காமல் போக மாட்டார்.

ராதிகா பட்டுப்புடவையில் வந்தாள். கையில் தாம்பூலப் பை. ஷெட்டுக்கு முன்னால் நின்றாள். கதவிலிருந்த பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள். தட்டையான நாலு சக்கரங்களைப் பார்த்தாள். தம்பியின் வண்டியைப் பார்த்தாள். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் தெரிந்த வானத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"சாயங்காலம்தானே வண்டி வர்றதா இருந்துது?"

"முன்னாடியே வந்துடுச்சு," என்றான் வாசு.

"அதுக்கு?"

வாசு சொல்ல நினைத்தது நிறைய. ஷெட்டையும் அவளையும் பார்த்தான். கூரை சுவரில் இல்லை, சரத்தின் வேலை போகப்போகிறது, விடிகாலையில் மச்சான் லோடு எடுக்க முடியாது. எல்லாம் ஐம்பது மில்லிமீட்டருக்காக. அந்த மூன்று வருஷமும் அவனுக்குள்ளேயே காற்று இறங்கித் தட்டையானது.

"நீ சொன்னதுதான் சரி ராதிகா. ஷெட்டுக்குள்ள நிக்கற வண்டியே போதும். சாதாவே எடுத்துக்கலாம்."

அவள் முகம் மாறியது. சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்திருந்தான். அது சந்தோஷமில்லை.

"ஒசரமானது வேணாமா?"

"வேணாம்."

"தூக்கத்துலகூட இருநூத்தி முப்பது, இருநூத்தி முப்பதுன்னு சொல்லினு இருந்தீங்க."

"தூக்கத்துல சொல்றது எல்லாம் ஒரு பேச்சா."

"சிவகுமார் லோடு?"

"கேட் வேலை இருக்குதே. இன்னும் அஞ்சு வருஷம். ட்ரெயினு பழகிடுச்சு."

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நெசமா. சரத்துகிட்டயும் சொல்லிடறேன், சாதாவே எழுதிக்கன்னு. உன்னை எதுத்துகினு எனக்கு எந்த வண்டியும் வேணாம்."

ராதிகா தாம்பூலப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். வீட்டுப் படி ஏறினாள். விட்டுக்கொடுத்த பிறகும் இவள் ஏன் இப்படிப் போகிறாள் என்று வாசுவுக்கு விளங்கவில்லை. பாஸ்கரனைப் பார்த்தான். அது ஸ்கேலில் வராத விஷயம் என்பதுபோல அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது தெரு முனையில் ஒரு மொபெட் வந்து திரும்பியது. வெல்டர் ஆர்தர். சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை இன்னும் மாற்றவில்லை. பின்னால் இரண்டு ஜாக்கியும் ஒரு செயின் பிளாக்கும் கட்டியிருந்தது. ஷெட்டைப் பார்த்ததும் கால் ஊன்றி நின்றான்.

"இன்னா வாசண்ணே, நீங்களே தூக்கிட்டீங்க? உங்க ஒசர வண்டிக்கு கூரைய அரை அடி ஏத்தணும், அண்ணன்கிட்ட இப்ப சொல்லாதேன்னு அக்கா சொன்னதாலதானே நேத்தே எட்டு போல்ட்டையும் கழட்டி வெச்சுட்டுப் போனேன்?"

வாசு திரும்பினான். ராதிகாவுக்குப் பின்னால் வாசற்கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பூட்டு திரும்பியது. அன்றைக்கு அந்த வீட்டில் பூட்ட முடிந்த கதவு அது ஒன்றுதான்.